நல்லாத் தெரியுதுங்க

உடுமலைப்பேட்டை எண்ணெய்க்காரர் வீதியில், ஆடிக்காற்று வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோகிலவாணி தன் லேப்டாப்பில் புதிதாக ஓர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, அதன் வழியாக நோட்புக்கைத் திறந்து, முதல் ஐந்து வரிகளைக் காட்டு என்று கேட்டாள். திரையில் ஐந்து வரிகள் வந்தன, வாசலில் ஐந்து பேர் வந்து நின்றார்கள்.

"யாருங்க வேணும்?" என்று அவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"நீங்கதானுங்க அம்மிணி கூப்டீங்க" என்றார் முன்னால் நின்ற அம்மாள்.

கோகிலவாணி திரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். முதல் வரியில் துளசியம்மாள், வயது ஐம்பத்திரண்டு, ஊர் கொழுமம் என்று இருந்தது. வாசலில் நின்றவரும் துளசியம்மாள், ஐம்பத்திரண்டு, கொழுமம் என்றார். இரண்டாவது வரியில் இருந்த கிட்டுசாமி இரண்டாவதாக நின்றார். வரிசைகூட மாறவில்லை. பெயரும் வயதும் ஊரும் ஒத்துப்போய்விட்டால் அதற்குமேல் தரவுகளோடு குடித்தனம் நடத்துகிற ஒருத்திக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? "உள்ள வாங்க, வெளிய காத்தா இருக்குது" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அவள் வேலை இதுதான். சென்னையில் ஓர் அறக்கட்டளை கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தி, வந்தவர்களின் பெயர், வயது, ஊர், கண் பவர் எல்லாவற்றையும் எந்தத் தேசத்திலோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும். அதில் உள்ள தப்புத் தவறுகளைக் களைந்து சுத்தமாக்கித் தருவது கோகிலவாணி, அவள் அனுப்பும் பவரை வைத்துத்தான் கண்ணாடி தேய்ப்பார்கள், தேய்த்த கண்ணாடி இலவசமாக வீடு தேடிப் போகும். நோட்புக் என்றால் புரோகிராமைத் துண்டு துண்டாக எழுதி ஒவ்வொரு துண்டுக்கும் கீழேயே அதன் விடையைப் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. இதுவரை அதைப் பிரவுசரில் திறந்து, அது சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவளுக்கு, தூரத்து நோட்புக்கை, தான் புரோகிராம் எழுதுகிற சொந்த எடிட்டரிலேயே, தன் சொந்தக் கோப்பைப்போலவே வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று இந்த எக்ஸ்டென்ஷன் வந்து சேர்ந்தது. "இனிமே எல்லாம் உங்க வீட்லயே இருக்கற மாதிரி இருக்கும்" என்று சென்னையிலிருந்து பிரியம்வதா மேடம் சொன்னார். "ஓகே மேடம்" என்றாள் கோகிலவாணி. மேடம் எதைச் சொன்னாலும் அவள் ஓகே மேடம்தான். சனிக்கிழமை வேலையா, ஓகே மேடம். சம்பளம் அடுத்த வாரமா, ஓகே மேடம். அவள் வாயில் அதைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை.

வந்தவர்களுக்கு வீதி முனையில் பேக்கரி வைத்திருக்கும் அவள் கணவன் ஜெகநாதன் டீயும் பன்னும் கொடுத்தனுப்பினான். ஆள் நல்லவன்தான், செலவென்றால் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பவன். வழிப்போக்கு ஆட்களுக்கு எதற்கு இன்று சுட்ட பன் என்று முந்தின நாள் பன்னை எடுத்துக் கொடுத்திருந்தான். துளசியம்மாள் அதைக் கடித்து, சிரமப்பட்டு விழுங்கி, "நல்லாருக்குதுங்க" என்றார். மற்ற நால்வரும் அதையேதான் சொன்னார்கள்.

வீதிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, சாப்பிட்டார்களா என்றுதான் கேட்டார்கள். மாவு மில் மரகதம் அக்கா, உடம்பெல்லாம் மிளகாய்த் தூள் நெடியோடு வந்து நின்று, எந்த ஊருங்க, எந்தத் தோட்டமுங்க, அவிங்களுக்கு நீங்க என்ன வேணுமுங்க என்று விசாரித்துக்கொண்டே போய், டீ ஆறுவதற்குள் கிட்டுசாமி தன் சின்னம்மா வழியில் மச்சான் முறை ஆகிறவர் என்று கண்டுபிடித்துவிட்டாள். அத்தோடு விஷயம் முடிந்தது. அவர்கள் ஒறம்பரை. எங்கள் பக்கத்தில் விருந்தாளியை அப்படித்தான் சொல்வது, ஒறம்பரை என்று ஆகிவிட்ட பிறகு கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் என்ன, காங்கேயத்திலிருந்து வந்தால் என்ன.

மதியம் ஒரு சங்கடம் நடந்தது. கோகிலவாணி வேலையை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று தூரத்துக் கம்ப்யூட்டரின் தொடர்பை நிறுத்தினாள். மரகதம் வீட்டுக் கூடத்தில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் மறைந்து போனார்கள். ஐந்து இலைகள், ஐந்து குழிகள், குழிகளில் ரசம். மரகதம் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏங்கண்ணு, சோத்துல கை வெச்சவிங்கள இப்பிடியா எழுப்பி உடறது? உங்கொப்பன் ஊட்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

கோகிலவாணி பதறிப்போய் மறுபடியும் இணைத்து ரன் கொடுக்க, ஐந்து பேரும் அதே இலைகளின் முன்னால் வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி ரசத்தைக் குடித்தார்கள். அன்றிலிருந்து வீதிக்கு ஒரு சட்டம் வந்தது, பந்தி எழும் முன் தொடர்பை நிறுத்தக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டர் ஆளில்லை என்று நினைத்துத் தானே தொடர்பை அறுத்துக்கொள்ளும். இதைக் கேட்டதும் வீதிப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். கோகிலவாணி குளிக்கப் போனால் ஒருத்தி, மார்க்கெட்டுக்குப் போனால் ஒருத்தி, மடியில் அவரைக்காயை வைத்து நார் உரித்துக்கொண்டே அவ்வப்போது ஒரு பட்டனைத் தட்டிவிடுவார்கள். மின்தடை நாள் வருகிறதென்று பேக்கரி இன்வெர்ட்டரைத் தூக்கிவந்து வீட்டில் வைத்தார்கள், ஐஸ்கிரீம் உருகினால் உருகட்டும் என்று ஜெகநாதன் சொன்னதை வீதி அவன் வாழ்நாள் சாதனையாகப் பேசியது.

புதன்கிழமை அவள் பவர் காலியாக இருக்கும் வரிகளை எல்லாம் காட்டு என்று கேட்டாள். வீதி நிறைந்துபோயிற்று. நாற்பது பேருக்குமேல் இருக்கும், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காற்றில் நின்றார்கள். முகாமில் கரண்ட் போனதால் பவர் எழுதாமல் விட்டவர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடியவர்கள், எழுதுகிறவருக்குப் பேனா வாங்கிவரப் போய் வரிசையைத் தவறவிட்டவர்கள். வீதி அவர்களை வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டது. இத்தனை பேருக்கும் பாய் எங்கே என்று யாரோ கேட்டதற்கு மாரியம்மன் கோயில் ஜமக்காளம் வந்தது.

இந்த இடத்தில்தான் கோகிலவாணி ஒரு காரியம் செய்தாள். அவள் தொழிலில் உள்ளவர்கள் கை பழக்கத்தில் செய்கிற காரியம் அது: ஒரு கட்டம் காலியாக இருந்தால், நிரம்பிய கட்டங்களின் சராசரியை எடுத்து அதில் போட்டுவிடுவது. ஒரு வரி எழுதினாள், ரன் கொடுத்தாள், நாற்பது மூக்குகளின் மேல் நாற்பது கண்ணாடிகள் ஏறி உட்கார்ந்தன.

வீதி கைதட்டியது. "எப்பிடீங்க இருக்குது?" என்று கேட்டால் நாற்பது பேரும் ஒரே குரலில் "நல்லாத் தெரியுதுங்க" என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிய கிட்டுசாமி விளக்குக் கம்பத்தில் மோதி, "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று கம்பத்திடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். துளசியம்மாள் டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அன்வர் ஆப்டிகல்ஸ் அன்வர் பாய் வேகமாக வந்தார். வீதிக்கே ஓசியில் கண்ணாடி இறங்கியிருக்கிறது என்று யாரோ அவர் கடையில் போய்ப் பற்றவைத்திருக்கிறார்கள். "நான் கடையை மூடிட்டு வடை போடப் போறதா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, பேக்கரியில் கிடந்த தினசரியின் மேல் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். எழுத்து அசையவில்லை, பெருக்கவும் இல்லை, சிறுக்கவும் இல்லை. இன்னொன்றைக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றும்போது அவர் கோபம் போய்விட்டது.

"இது ஜன்னல் கண்ணாடிம்மா" என்றார். "பவரே இல்ல."

கோகிலவாணி திரையில் தான் போட்ட சராசரியைப் பார்த்தாள். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மைனஸ், தூரப்பார்வைக்காரர்களுக்கு பிளஸ். அத்தனை மைனஸையும் அத்தனை பிளஸையும் கூட்டி வகுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மிஞ்சுவது பூஜ்ஜியம். அவள் நாற்பது பேருக்கும் எவருக்கும் உதவாத ஒரு பூஜ்ஜியத்தை மாட்டிவிட்டிருந்தாள், அவர்களும் நல்லாத் தெரியுதுங்க என்று நன்றி சொல்லியிருந்தார்கள். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

மேடத்தை அழைத்துச் சொன்னாள். மேடம் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லென்ஸ் ஆர்டர் போயிடும் கோகிலா. பவர் இல்லாத வரிகளை எடுத்துடுங்க. அவங்களை அடுத்த வருஷ முகாம்ல பார்த்துக்கலாம்."

"ஓகே மேடம்" என்றாள் கோகிலவாணி. போனை வைத்த பிறகுதான் தான் எதற்கு ஓகே சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

கிட்டுசாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொழுமம் பக்கத்தில் கபடி நடுவர் அவர். இரண்டு வருடமாகக் கோடு தெரியாமல், எந்தப் பக்கம் சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் புள்ளி கொடுத்துவருகிறவர். "எனக்கு அடுத்த வருசம் ஆனாலும் பரவால்லீங்க அம்மிணி. துளசியக்காவுக்குத்தான் ஆகாது. அவிய பட்டுக்கூடு பிரிக்கற எடத்துல இருக்கறாங்க. நல்ல கூட்டுல கெட்ட கூடு கலந்துபோகுதுன்னு அவிங்களைக் கூட்டிப் பெருக்கற வேலைக்குப் போட்டுட்டாங்க. வர்ற மாசமும் இப்பிடியேன்னா வேலைய உட்டு நிக்கச் சொல்லிருவாங்க. ஊட்ல சம்பாரிக்க வேற ஆள் இல்லீங்க."

துளசியம்மாள் காதிலும் இது விழுந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறனுங்க" என்றார் அவர், ஜன்னல் கண்ணாடி வழியாகச் சிரித்துக்கொண்டு.

அன்வர் பாய் தொண்டையைச் செருமினார். தன் கடைக்குள் பரிசோதனை செய்தால்தான் காசு, வீதியில் செய்தால் அதற்குக் காசு வாங்கினதாகத் தன் வாப்பா காலத்திலிருந்தே வழக்கம் இல்லை என்று அப்போதே ஒரு வழக்கத்தை உண்டாக்கி அறிவித்துவிட்டு, கடையிலிருந்து எழுத்துப் பலகையையும் லென்ஸ் பெட்டியையும் கொண்டுவந்தார். பலகை பேக்கரிச் சுவரில் தொங்கியது. வியாழக்கிழமை முழுக்க ஒறம்பரைகள் ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். பாய் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, வீதி அதை வாய்க்கு வாய் கடத்திக் கோகிலவாணியின் ஜன்னலுக்குக் கொண்டுவர, அவள் அதைக் கட்டத்தில் அடித்து ரன் கொடுத்த நொடியில் மூக்கின் மேல் இருந்த ஜன்னல் கண்ணாடி லென்ஸாகிவிடும். அந்தக் கண்ணாடி வீதியோடு சரி, ஊருக்குத் திரும்பினால் வெறும் மூக்குதான். நிஜக் கண்ணாடி சென்னையில் தேய்த்து வரவேண்டும். ஆனாலும் பார்த்தவர்களின் முகம் பார்க்க வேண்டியதாக இருந்தது. ஒருவர் வேப்பமரத்தின் கீழே நின்று இலைகளைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிட்டுசாமி வீதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் கொடுத்த புள்ளிகளெல்லாம் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் எண் கிடைத்தது, துளசியம்மாளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. பாய் எந்த லென்ஸைப் போட்டாலும் அவர் "நல்லாத் தெரியுதுங்க" என்றார். இதுவா அதுவா என்றால் ரெண்டும் நல்லாருக்குதுங்க என்றார். எழுத்தைப் படிக்கச் சொன்னால், நீங்க எழுதுனா நல்லாத்தானுங்க எழுதியிருப்பீங்க என்றார். முகாமிலும் இதையேதான் சொல்லியிருப்பார், டாக்டர் அலுத்துப்போய்க் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். கடைசியில் பாய் பொறுமை இழந்து, லென்ஸுக்குப் பதில் கண்ணை மறைக்கும் கறுப்புத் தகட்டை இரண்டு பக்கமும் மாட்டிவிட்டு, "இப்ப எப்படி?" என்று கேட்டார்.

"இப்ப இன்னும் நல்லாத் தெரியுதுங்க" என்றார் துளசியம்மாள்.

பாய் ஸ்டூலிலிருந்து எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். வீதி சிரித்தது, சிரித்து ஓய்ந்த பிறகு பயந்தது. இலவசமாகக் கொடுக்கிறவர் மனம் நோகக்கூடாது என்று சாகும்வரை நல்லாத் தெரியுதுங்க சொல்லிக்கொண்டிருக்கிற ஒருத்தியை என்ன செய்வது? ஒறம்பரை குறை சொல்ல மாட்டார். அது எங்கள் பக்கத்து மனுஷர்களின் ரத்தத்தில் இருப்பது, லென்ஸ் பெட்டியில் அதற்கு மருந்து கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில், சும்மா உட்கார முடியாமல் துளசியம்மாள் மரகதத்திடம் வேலை கேட்டார். மரகதம் ஒரு முறத்தில் துவரம்பருப்பைக் கொட்டி, கல் பொறுக்கித் தாங்க என்று கொடுத்தாள். வேண்டுமென்றே கொடுத்தாளா, கை வேலையாக இருந்ததால் கொடுத்தாளா என்பதை இன்றுவரை அவள் சொல்லவில்லை. துளசியம்மாள் பருப்பைத் தடவித் தடவி, கல்லை விட்டுவிட்டுப் பருப்பைப் பொறுக்கிப் போட்டார்.

மதியம் கோயில் முன்னால் பெரிய பந்தி. முதல் கவளத்திலேயே ஜெகநாதன் வாயில் கடக்கென்றது. அடுத்து பாய் வாயில், அடுத்து கிட்டுசாமி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகக் கல்லை மென்றுகொண்டிருந்தார்கள். மரகதம் எழுந்தாள்.

"ஏனக்கா! கண்ணு தெரியிலீன்னா தெரியிலீன்னு சொல்றதுக்கென்ன? ஊரே கல்லத் திங்குது! பெரிய ஒறம்பரை மாதிரி நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுதுங்கறயே, இந்தக் கல்லு தெரிஞ்சுதா உனக்கு?"

விருந்தாளியை இலையில் வைத்துத் திட்டுவதா? ஒறம்பரைக்கு வாங்க, போங்க. அக்கா தங்கச்சிக்குத்தான் வா, போ. துளசியம்மாளின் முகம் சிவந்தது, இலையை ஒரு கையால் தள்ளினார்.

"தெரியிலடி!" என்று கத்தினார். "ஒரு எழவும் தெரியில, போதுமா? பருப்புத் தெரியில, கல்லுத் தெரியில, அந்தப் பாய் காட்டற எழுத்து ஒண்ணுகூடத் தெரியில. உன்ற மூஞ்சி எப்பிடியிருக்குதுன்னே எனக்குத் தெரியாது, அதுக்குள்ள என்னையத் திட்ட வந்துட்டா! ஓசியில குடுக்கறவங்ககிட்டப் போயி தெரியிலீன்னு சொல்ல எனக்கு வாய் வருமாடி?" மூச்சு வாங்கிவிட்டு, "உன்ற ரசத்துல உப்பும் இல்ல!" என்றார்.

மரகதம் சோற்றுக் கையோடு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள், வீதி முழுக்கக் கைதட்டியது, யாரோ உப்பு எடுத்துவர ஓடினார்கள். கோகிலவாணி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதன்பிறகு அன்வர் பாய் பட்ட பாடு தனி. துளசியம்மாள் ஸ்டூலில் காலை அழுத்தி உட்கார்ந்துகொண்டு, "மாத்துங்க. இதுவும் இல்ல. இது மங்கலா இருக்குது. அது தலைய வலிக்குது. மாத்துங்க" என்று அவரை வேர்க்க வைத்தார். பெட்டியில் பாதி காலியான பிறகு, "இது" என்றார். பலகையின் கடைசி வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னார், வீதி அதைக் கடத்தியது, கோகிலவாணி கட்டத்தில் அடித்தாள். ஆர்டர் போகும் அவசரத்தில் ரன் கொடுக்க நேரமில்லை, பலகையைத் தவிர வேறெதையும் பார்க்காமலே துளசியம்மாள் பழைய ஜன்னல் கண்ணாடியோடு எழுந்தார்.

பிறகு மேடத்தை அழைத்தாள்.

"வரிகளை எடுத்துட்டீங்களா கோகிலா?"

"இல்ல மேடம்." அந்த வார்த்தை நாக்குக்குப் புதிதாக இருந்தது. ரசத்தில் உப்பு இல்லை என்று ஒருத்தி சொல்ல முடியுமானால் இதைச் சொல்ல முடியாதா என்று நினைத்துக்கொண்டாள். "எடுக்க மாட்டேன் மேடம். சராசரி போட்டது தப்பு. எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் பண்ணி நிஜப் பவரைப் போட்டிருக்கேன். இதைத்தான் அனுப்புவேன்."

"யார் டெஸ்ட் பண்ணினாங்க?"

"எங்க வீதி மேடம். கண்ணாடிக்கடை பாய் கையெழுத்துப் போட்டுத் தர்றேங்கறாரு."

அந்தப் பக்கம் மேடம் எதையோ திறந்து பார்க்கிற கீபோர்டுச் சத்தம் கேட்டது. பிறகு மேடத்தின் குரல் மெல்ல வந்தது. "போன முகாம்லயும் நாம சராசரிதானே போட்டோம்?"

"ஆமா மேடம்."

"அவங்க யாருமே குறை சொல்லலையே."

"சொல்ல மாட்டாங்க மேடம்" என்றாள் கோகிலவாணி. "இந்த ஊர்க்காரங்க."

"அனுப்புங்க" என்றார் மேடம். "திங்கக்கிழமை போன முகாம் நோட்புக்கையும் திறங்க."

கோகிலவாணி ஜன்னலைத் திறந்து, திங்கட்கிழமை இன்னும் கொஞ்சம் பேர் வருவார்கள் என்று சொன்னாள். எத்தனை பேர் என்று மரகதம் கேட்டாள். நூறு இருக்கும் என்றதும், அப்படியானால் பெரிய அண்டாவை ஈயம் பூசக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மரகதம் பாயசம் எடுத்துவரப் போனாள். கடைசி ஆள் கடைசி முந்திரியை மென்று முடிக்கும்வரை வீதி காத்திருந்தது. "நிறுத்தட்டுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள். "போயிட்டு வர்றோமுங்க" என்று நாற்பது பேரும் கும்பிட்டார்கள். அவள் எல்லாவற்றையும் சேமித்து, தொடர்பை நிறுத்தினாள். ஜமக்காளம் காலியாகக் கிடந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் காலையிலிருந்து கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் பேக்கரிக்கே திரும்பியிருந்தது, லேப்டாப் மூடிக் கிடந்தது. அப்போது வீதி முனையில் ஓர் அம்மாள், மூக்கில் பழுப்பு நிறச் சட்டமிட்ட கண்ணாடியோடு, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்துவந்தார். ஜெகநாதன் கோகிலவாணியை அழைத்து, "எதாச்சும் ரன் குடுத்தயா?" என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"பஸ்ல வந்தேன்" என்றார் துளசியம்மாள். "போர்டப் பார்த்து நானே ஏறி, நானே எறங்கிட்டேன். மறுபடியும் கூடு பிரிக்கவே ஒக்கார வெச்சுட்டாங்க." கோகிலவாணியின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "நீதானா கண்ணு அது? சரியாச் சாப்பிடறதில்லையா? எலும்பாத் தெரியறே." மரகதம் ஓடிவந்து நின்றாள், அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நெனச்ச மாதிரிதான் இருக்கறே" என்றார். மரகதத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜெகநாதன் பெஞ்சைத் துடைத்து அவரை உட்கார வைத்து, டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்தான். பழக்க தோஷம், கை எப்போதும் போகிற தட்டுக்கே போயிருந்தது. துளசியம்மாள் பன்னைக் கையில் எடுத்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், மேலே பார்த்தார், கீழே திருப்பிப் பார்த்தார், ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, இது நேத்துச் சுட்டதுதானே?"

ஜெகநாதனின் முகம் மலர்ந்துபோயிற்று. அந்தத் தட்டை அப்படியே வாங்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, வீதி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான். "டேய், சூடா நாலு எடுத்தாங்கடா! நம்ம அக்கா வந்திருக்காங்க!"